மழைவரும் முன்னே மணம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மாதம் ஒரு கூட்டம் என்று தொடங்கிய ஓர் அமைப்பு, இடையில் தளர்ந்துவிடாமல் பத்தாண்டுகளை நிறைவு செய்திருப்பது எளிய செயலன்று. அதற்காக முதற்கண் என் பாராட்டுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அழைத்தபோது, 'கவிதையும் பயனும்' என்று ஒரு தலைப்பைத் தந்தார். இங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பாட்டெழுதுவோர். உங்களிடம் வந்து கவிதையின் பயனைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதையாகிவிடும். ஆகவே, பாட்டு என்னை விட்டு நீங்கிய வகையையும், பல ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்த வகையையும் சொல்ல விரும்புகிறேன். சொந்தக் கதையை மேடையில் விரிப்பதற்கு நாணம் உண்டு. எனினும், இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்ற எண்ணமே என்னைப் பேசத் தூண்டுகிறது.

திண்ணையில் கற்ற விளையாட்டு

நான் பிறந்தது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். என் தந்தையார் தமிழாசிரியர். மாலையில் பள்ளி விட்டு வந்தபின், திண்ணையில் சாய்ந்துகொண்டு என்னையும் தங்கையையும் அருகே அழைப்பார். வெண்பாவின் ஈற்றடி ஒன்றைச் சொல்வார். அதற்கு முன்னுள்ள மூன்றடிகளையும் நாங்கள் கட்ட வேண்டும். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் இவ்வழக்கம் தமிழ்ப் புலவரிடையே தொன்றுதொட்டு வருவது என்பது எனக்கு அப்போது தெரியாது. பல்லாங்குழியைப் போல, தாயத்தைப் போல அதுவும் ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

1991 ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. கோடை வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில் தந்தையார் தந்த ஈற்றடி இது: 'மழைவரும் முன்னே மணம்.' கருவிளம், தேமா, மலர் என்று அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான் இரண்டு நாள் முயன்றேன். பள்ளிக்கு நடக்கும்போதும், கிணற்றடியில் தண்ணீர் சேந்தும்போதும், உறங்கும் முன்னும் அதே நினைவு. ஒருவாறு மூன்றடிகளைக் கட்டிக்கொண்டு சென்று சொன்னபோது, 'இரண்டாம் அடியில் தளை தட்டுகிறதே' என்று தந்தையார் உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிழை செய்துவிட்டோம் என்ற வருத்தம் அப்போது எழவில்லை. மறுபடியும் கட்டலாம் என்ற ஆவலே எழுந்தது. அந்தச் சிரிப்பைத்தான் பின்னாளில் நான் தொலைத்தேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காக வகுத்துக் காட்டுவதை நாம் அறிவோம். அவற்றுள் உவகை பிறக்கும் இடங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. அவ்வுவகைக்கு அவர் தரும் அடைமொழியும் கருதத்தக்கது. துன்பத்தை நீங்கிய உவகை என்கிறார். உரைகாரர்கள் புலன் என்பதற்கு அறிவுடைமை என்றும், விளையாட்டு என்பதற்கு ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்தல் என்றும் விளக்கம் தருவர்.

இந்நூற்பாவை நான் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். மாணவியர் நான்கையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கின்றனர். ஆயினும், செல்வத்தையும் விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்த அப்பெரியாரின் நடுவுநிலை எனக்கு நெடுங்காலம் புலப்படவில்லை. செல்வத்தால் வரும் உவகையை அவர் இகழவில்லை. விளையாட்டால் வரும் உவகையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கவும் இல்லை. ஒரு வாயிலை அடைத்து மற்றொன்றைத் திறக்கச் சொல்லவும் இல்லை. நாமோ ஒரு வாயிலின் வழியே மட்டும் போய்வரப் பழகிவிட்டோம்.

பரிசிலும் பாட்டும்

பாட்டுக்குப் பொருள் பெறுவது இழிவு என்று சொல்ல நான் வரவில்லை. அவ்வாறு சொன்னால் சங்கப் புலவரைப் பழித்தவளாவேன். பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் பரிசிலை நம்பியே வாழ்ந்தனர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே, பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழிகாட்டிய பண்பிலிருந்து பிறந்தது.

இவ்விடத்துப் பெருஞ்சித்திரனாரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் வறுமையை அறியாதவர் அல்லர். முதிர்ந்த தாயும், மெலிந்த மனைவியும், பசியால் அழும் புதல்வனும் உள்ள இல்லத்தை அவர் குமணனிடம் எடுத்துரைத்த பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அத்தகைய புலவர், மலைகள் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். மன்னன் அவரைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதைப் பெற மறுத்துவிட்டார். தாம் பரிசிலுக்கு வாணிகம் செய்பவர் அல்லர் என்பதும், தம் புலமையின் அளவறிந்து முகம் கண்டு தருவதாயின் தினையளவாயினும் இனிது என்பதும் அவர் கூற்றின் கருத்து.

இதனைப் புலவரின் பெருமிதம் என்றே வகுப்பறைகளில் விளக்குகிறோம். அது சரியே. ஆயின், அதனினும் நுட்பமான ஒன்று அதில் உண்டு. பாட்டைக் கேட்கும் செவியும், பாடுபவரைக் காணும் கண்ணும் இல்லாமல் பொருள் மட்டும் கைமாறினால், பாட்டு பண்டமாகிவிடுகிறது. பொருள் வந்தது, உவகை வரவில்லை. வீட்டில் பசி இருந்தும் அந்த வேறுபாட்டை அவர் மறந்துவிடவில்லை.

பிற்காலத்திற்கு வருவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தலபுராணங்கள் பலவற்றை ஊரார் வேண்டியும் செல்வர் வேண்டியுமே இயற்றினார். அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதிச் சென்றதை உ.வே.சாமிநாதையர் விரிவாக எழுதியுள்ளார். கேட்டவர்க்காகப் பாடுவதனாலேயே ஊற்று வற்றிவிடும் என்று கொள்வதற்கில்லை என்பதற்கு அவர் சான்று. அப்படியானால் என் ஊற்று ஏன் வற்றியது?

நான்கு அச்சுகள்

2002 ஆம் ஆண்டு. நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தந்தையாரின் ஓய்வூதியம் போதவில்லை. அப்போது அச்சகத்தார் ஒருவர், திருமண வாழ்த்து மடலுக்கு வெண்பா எழுதித் தந்தால் பாட்டுக்கு ஐம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். முதற்பாட்டை எழுதிய இரவு இன்னும் நினைவிருக்கிறது. மணமக்களை நான் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் நன்றாக வாழ வேண்டும் என்று உளமார எண்ணியே எழுதினேன்.

திருமண மாதங்களில் வாரத்திற்குப் பத்து, பதினைந்து பாடல்கள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட நேரமில்லை. ஆகவே நான்கு அச்சுகள் செய்துகொண்டேன். மணமகள் பெயர் செல்வி என்றால் தேமா அச்சு. கமலா என்றால் புளிமா அச்சு. பூங்கொடி என்றால் கூவிளம். கனிமொழி என்றால் கருவிளம். பெயரை மட்டும் மாற்றிப் பொருத்திவிட்டால் தளை தட்டாது, எதுகை கெடாது. ஒரு வெண்பாவுக்கு ஐந்து நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. நான்காண்டுகளில் எத்தனை நூறு மணமக்களை அவ்வாறு வாழ்த்தினேன் என்பது எனக்கே தெரியாது.

அப்பணம் தங்கையின் படிப்பாயிற்று. அதற்காக நான் இன்றும் நாணவில்லை. நேர்ந்தது வேறு. அச்சகத்திற்கு எழுதாத நேரத்திலும் அந்தக் கணக்கு என்னை விடவில்லை. நிலவைக் கண்டு ஓர் அடி தோன்றினால், 'இதை எதற்குப் பயன்படுத்தலாம்' என்ற கேள்வி கூடவே தோன்றியது. வானொலிக் கவியரங்கத்திற்கு ஆகுமா, போட்டிக்கு ஆகுமா, இதழுக்கு ஆகுமா என்று மனம் தரம் பிரித்தது. எதற்கும் ஆகாது என்று பட்டவை பிறக்கும் முன்பே இறந்தன. சில ஆண்டுகளில் தோன்றுவதே நின்றுவிட்டது.

பின்னர் முனைவர் பட்டத்திற்கு யாப்பியலை எடுத்துக்கொண்டேன். ஆயிரக்கணக்கான வெண்பாக்களின் தளைகளை எண்ணி அட்டவணை இட்டேன். இயற்சீர் வெண்டளை எத்தனை, வெண்சீர் வெண்டளை எத்தனை என்று எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சொல்வேன். திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம், முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் அடிகளால் ஆனது. சித்திரகவி மரபுக்கு அது தலையாய சான்று. அம்மரபில் பின்னர் எழுந்த இரதபந்தம், நாகபந்தம் முதலியவற்றைப் பற்றி என் ஆய்வேட்டில் 'வெறும் விளையாட்டு' என்று ஒரு தொடர் எழுதினேன். நெறியாளரும் அதை ஏற்றுக்கொண்டார். தொல்காப்பியர் உவகையின் பிறப்பிடமாக வைத்த சொல்லை, நான் இழிவுச் சொல்லாக்கிப் பட்டமும் பெற்றேன்.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. 2014 ஆம் ஆண்டில் இளங்கலை பயின்ற மாணவி ஒருத்தி, குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே ஏறத்தாழ நாற்பது வெண்பாக்கள். யாரும் சொல்லித் தராமல், பாடநூலில் இருந்த யாப்புப் பகுதியைக் கொண்டே அவளாகக் கற்று எழுதியவை. பேருந்து நெரிசலைப் பற்றி ஒன்று. விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒன்று. நான் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, 'நன்றாகத்தான் இருக்கிறது. இதனால் என்ன பயன் அம்மா? பருவத் தேர்வு வருகிறது, அதைப் பார்' என்றேன். 'சரிங்க அம்மா' என்று குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பின் அவள் எதையும் என்னிடம் காட்டவில்லை. என்னுள் நுழைந்திருந்த கேள்வியை, அன்று நான் வேறொருத்தியின் கையில் கொடுத்தனுப்பினேன்.

இத்தகைய மாற்றத்தை மேலைநாட்டு உளவியலாளர் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வு அது. படம் வரைவதில் தாமாகவே விருப்பம் காட்டிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நற்சான்றுப் பட்டயம் பரிசாகக் கிடைக்கும் என்று முன்னரே சொன்னார்கள். மற்றொரு பிரிவினருக்குச் சொல்லாமலே, வரைந்தபின் அதே பரிசைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று குழந்தைகளை விட்டுவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றவர்களைப் போல் ஏறத்தாழப் பாதி நேரமே படம் வரைவதில் செலவிட்டனர். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அவ்வாறு நேரவில்லை.

பரிசு கெடுதல் செய்யவில்லை. பரிசை முன்னிறுத்தியது கெடுதல் செய்தது. முகம் கண்டு தரும் தினையளவு இனிது என்ற பெருஞ்சித்திரனாருக்கு இச்சோதனை வியப்பைத் தந்திராது.

ஒரு சொல் அவர், ஒரு சொல் நான்

2018 இல் என் தந்தையாரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சு போயிற்று. ஓராண்டு மருத்துவத்திற்குப் பின் பேச்சு சற்றே மீண்டது. ஆனால் தொடராக வரவில்லை. ஒரு சொல் வரும். பிறகு நெடுநேரம் வாய் அசையும். அதன்பின் மற்றொரு சொல் வரும். வாழ்நாளெல்லாம் பாடம் சொன்னவர், ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் கண் கலங்குவதைக் காண எங்களுக்குத் தாளவில்லை. அவர் தொடங்கிய வாக்கியத்தை நாங்களே முடித்துவைப்போம். அது அவருக்கு இன்னும் வேதனை தந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடப்பட்டது. நான் ஊருக்குச் சென்று பெற்றோருடன் இருந்தேன். மே மாதத்தில் ஒரு மாலை. அவரைத் திண்ணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். எதிரே வேப்பமரம். மேற்கே சிறிது மேகம் கூடியது. எங்கோ தொலைவில் பெய்திருக்க வேண்டும், மண்ணின் மணம் வந்தது. தந்தையார் என்னைப் பார்த்தார். 'மழைவரும்' என்றார். பொறுத்திருந்தேன். 'முன்னே' என்றார். மீண்டும் பொறுத்திருந்தேன். 'மணம்' என்று நான் முடிக்கவில்லை. அவரே சொன்னார்.

பிறகு இடக்கை விரலால் திண்ணையைத் தட்டிக்கொண்டே, 'வாடிய' என்று சொல்லிவிட்டு என்னை நோக்கினார். எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பு சிலிர்த்தது. வாடிய என்பது கூவிளம். விளத்தின் முன் நேர் வர வேண்டும். 'வேம்பின்' என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மாவின் முன் நிரை வர வேண்டும். வாய் நெடுநேரம் அசைந்தபின் 'வறண்ட' என்றார். இப்படி ஒரு சொல் அவர், ஒரு சொல் நான் என்று அன்று கட்டிய வெண்பா இது:

வாடிய வேம்பின் வறண்ட கிளையசையக்
கூடிய மேகம் குளிர்ந்திட – ஓடி
விழியுயர்த்தி மூச்சிழுத்து நின்றேன், வியந்தேன்
மழைவரும் முன்னே மணம்.

இரண்டாம் அடியின் தனிச்சொல் என் முறையாக வந்தது. எதுகை வேண்டுமே என்ற எண்ணத்தில் 'ஓடி' என்று சொல்லிவிட்டேன். சொன்னபின்தான், நடக்க இயலாதவர் முன் என்ன சொல் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த சீரைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாம் அடியின் மூன்றாம் சீர் அவர் முறை. 'நின்றேன்' என்று சொல்லிவிட்டு, திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே உரக்கச் சிரித்தார். 1991 இல் கேட்ட அதே சிரிப்பு.

நான்கு அடிக்கு அரைமணி நேரத்திற்கு மேலாயிற்று. அன்று மழை பெய்யவில்லை, தூறல் கூட இல்லை. விளக்கேற்றும் நேரமாகிவிட்டது என்று அம்மா வந்து அழைக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

புலவர் பெருமக்களாகிய நீங்கள் அறிவீர்கள், அது ஒரு நடுத்தரமான வெண்பா. போட்டிக்கு அனுப்பினால் பரிசு பெறாது. நான் அச்சு வைத்து வார்த்த திருமண வெண்பாக்களில் சில இதனினும் ஓசை நயம் உடையவை. ஆயினும், பதினான்கு ஆண்டுகள் என்னிடம் வராதிருந்த ஒன்று அன்று வந்து அமர்ந்தது. அதன்பின் ஈராண்டுகள், விடுமுறை தோறும் நாங்கள் இவ்வாறு கட்டினோம். எதையும் ஏட்டில் எழுதவில்லை. நினைவில் நின்றவை ஐந்தாறுதான். மற்றவை அந்தந்த மாலையோடு போயின. தாம் தொடங்கியதை வேறொருவர் முடித்துவைக்கும் வருத்தம் தந்தையாருக்கு அவ்விளையாட்டில் இல்லை. அதில் ஒரு சொல்லே ஒருவரின் முழுப்பங்கு. 2022 இல் அவர் மறைந்தார்.

கோலமும் இலக்கணமும்

இதைச் சிந்தித்தபோது, என் அம்மாவின் கோலம் நினைவுக்கு வந்தது. நாள்தோறும் விடியலில் வாசல் தெளித்து மாவால் கோலமிடுவார். நண்பகலுக்குள் காலடிபட்டும் காற்றுபட்டும் பாதி அழிந்துவிடும். மறுநாள் புதிதாக ஒன்று. கோலம் பெண்களின் மீது சுமத்தப்பட்ட கடமையும்தான். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் கடமைக்கு நான்கு புள்ளி போதும். மார்கழிப் பனியில் குனிந்து, பதினைந்து புள்ளி வைத்து, கை எடுக்காமல் சிக்குக் கோலத்தின் இழையை வளைத்து வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பாரே, அந்தப் பதினோரு புள்ளி மிகுதி யாருக்காக? 'இன்று எனக்குக் கோலம் வரவில்லை' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பட்டம் பெற்ற துறையில் எனக்கு வற்றியது, அவருக்கு வற்றவில்லை.

பயன் கருதாமை என்றால் கட்டுப்பாடின்மை என்று யாரும் கொள்ள வேண்டா. புள்ளி பிசகினால் சிக்குக் கோலம் முடிச்சு விழாது. தளை தட்டினால் வெண்பா நில்லாது. விதி இருப்பதனால்தான் விளையாட்டு இருக்கிறது. பல்லாங்குழியில் கண்டபடி காய்களை அள்ளிப்போட்டால் ஆடுவதற்கு என்ன இருக்கிறது? நாங்கள் திண்ணையில் ஒரு தளையையும் தளர்த்தவில்லை. சரியாக வரும்வரை விடவும் இல்லை. பிழைக்குத் தண்டனை இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

விலை என்பது பணம் மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். கைத்தட்டல் ஒரு விலை. பொன்னாடை ஒரு விலை. மேடையில் எத்தனையாவதாக அழைக்கப்படுகிறோம் என்பது ஒரு விலை. இன்று கைப்பேசியில் கவிதையை அனுப்பிவிட்டு, எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தனர் என்று நாழிகைக்கு ஒருமுறை பார்க்கிறோமே, அதுவும் விலைதான். இவற்றை வேண்டா என்று துறக்க நான் துறவியல்லள். இம்மலர் கைக்கு வந்ததும் என் உரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பவள் நானே. அந்தப் பார்வை, பாட்டுப் பிறக்கும் பொழுதில் அருகே நிற்கக்கூடாது என்பதே என் விண்ணப்பம்.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

இவ்வட்டம் பத்தாண்டுகளில் போட்டிகள் நடத்தியிருக்கிறது, பரிசுகள் வழங்கியிருக்கிறது, நூல்களை வெளியிட்டிருக்கிறது. இவை தொடர வேண்டும். வளரும் கவிஞருக்கு ஊக்கமும், கலையால் வாழ்வோருக்குத் தக்க ஊதியமும் வேண்டும். உவகை இருக்கிறதே என்று சொல்லிக் கலைஞருக்குக் கூலி கொடாதிருப்பது அறமாகாது.

இவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மாதக் கூட்டத்தின் முடிவில் அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். ஒருவர் ஈற்றடி தரட்டும். வட்டமாக அமர்ந்து, ஒருவர்க்கு ஒரு சீராகக் கட்டுங்கள். ஈற்றடி நீங்கலாக நேரிசை வெண்பாவுக்குப் பன்னிரண்டு சீர்; பன்னிரண்டு பேர் போதும். புதுக்கவிதை எழுதுவோர் ஆளுக்கொரு வரி சொல்லுங்கள். பதிவு வேண்டா, படம் வேண்டா, தலைமை வேண்டா, பரிசு வேண்டா. முடிந்ததும் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுக் கலைந்து செல்லுங்கள். யாருடைய பாட்டு என்று கேட்டால் விடை இராது. ஒருவர் சொல்லுக்காக மற்றவர் காத்திருக்கும் பொறுமை மட்டும் அதற்கு வேண்டும். அப்பொறுமையை எனக்குக் கற்பித்தவர் பேச இயலாத ஒருவர்.

இறுதியாக, அந்த மாணவியைப் பற்றி. தந்தையார் மறைந்த ஆண்டில், பழைய வகுப்புத் தோழியர் வழியாக அவள் முகவரியைத் தேடிப் பெற்றேன். திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். அஞ்சலட்டை ஒன்றில், 'அன்று நான் சொன்னது தவறு. நேரம் வாய்த்தால் இதற்கு மூன்றடி கட்டு' என்று எழுதி, கீழே 'மழைவரும் முன்னே மணம்' என்று எழுதி அனுப்பினேன். ஐந்து மாதம் விடை இல்லை. குறிப்பேட்டை அவள் எறிந்திருக்கக்கூடும், என் கையெழுத்தைக் கண்டதும் அட்டையையும் எறிந்திருக்கக்கூடும் என்றே எண்ணினேன்.

பிறகு ஓர் உறை வந்தது. 'அம்மா, வேலை முடிய இரவு ஆகிவிடுகிறது. பேருந்தில் வரும்போது இரண்டடி வந்தது. மூன்றாம் அடி வரவில்லை. வந்ததும் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டடிகளும் தளை தட்டாமல் இருந்தன. அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை அவளுக்கு உரியவை.

மூன்றாம் அடி இன்னும் வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. பேருந்தில் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வருவாள் என்று நினைக்கும்போதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.